ஆயிரத்து முந்நூறு திரிகளில் ஒன்று

நாற்பத்தோராவது தலைப்பையும் கட்டைவிரலால் மேலே தள்ளினாள் சின்னவள். இடது கையில் போன். வலது கை, கூரியர் கிடங்கின் பெல்ட்டில் வந்துகொண்டிருந்த பார்சல்களைப் பார்க்காமலேயே இழுத்துப் பின்னால் இருந்த கூடையில் போட்டுக்கொண்டிருந்தது.

'உப்பில்லாமல் எப்படி ஐயா சாப்பிடுவது?' தள்ளு.

'தையல் போட்ட இடத்தில் அரிப்பு.' தள்ளு.

'மாமியாரின் கிட்னி வந்த பிறகு எனக்கும் கோபம் அதிகமாகிவிட்டது, இது சகஜமா?' வேறொரு நாளாக இருந்தால் உட்கார்ந்து படித்திருப்பாள். தள்ளு.

மணி எட்டு ஐம்பது. பன்னிரண்டுக்குள் கணவனைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

கணவன் டவுன் பஸ் டிரைவர். குடும்பத்தில் அவன் சின்னவன். அவனுடைய அண்ணன் பெரியவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. தம்பி ஒன்றைத் தருவதாகச் சொல்லி, எல்லாப் பரிசோதனையும் முடிந்து, இன்று பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் கடைசிக் கூட்டம். நான்கு டாக்டர்கள் எதிரில் அவன் தனியாக உட்கார்ந்து, 'என் இஷ்டப்படிதான் கொடுக்கிறேன்' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். இன்று விட்டால் அடுத்த கூட்டம் ஆறு வாரம் கழித்து. அதுவரை பெரியவர் தாங்குவாரா என்று கேட்டதற்குப் பெரிய டாக்டர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே, "எப்படியாவது வந்துடச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

சின்னவனோ காலை முதல் டிரிப்பை முடித்துவிட்டு, டெப்போவில் 'தலைவலி' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவன்தான். வீட்டுக்கு வரவில்லை. போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. மைத்துனன் வீடு, நண்பன் கடை, எல்லா இடத்திலும் விசாரித்தாகிவிட்டது. பாக்கி இருந்தது இந்த இணைய மன்றம் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் அம்மாதான் மன்றத்தின் விலாசத்தைக் கொடுத்தது. கொடுப்பவர், பெறுபவர், வீட்டில் இருப்பவர் யார் வேண்டுமானாலும் அதில் பேசலாம். சொந்தப் பெயர் மட்டும் கூடாது. அன்றிலிருந்து, சாப்பிடும்போதுகூட அவன் போனில் அந்தப் பச்சை நிறப் பக்கம் திறந்தே இருக்கும். அவள் எட்டிப் பார்த்தால் போனைக் கவிழ்த்து வைப்பான். என்ன புனைபெயரில் எழுதுகிறான் என்று அவளுக்குத் தெரியாது. 'கொடுப்பவர்' பகுதியில் மட்டும் ஆயிரத்து முந்நூறு திரிகள். ஒவ்வொரு திரியிலும் ஒரு தலைப்பு, அதன்கீழ் பக்கம் பக்கமாகப் பேச்சு. புதுப்பித்தால் நான்கு புதுத் தலைப்பு மேலே வந்து உட்காருகிறது. தானே ஒரு வரி எழுதிக் கூப்பிடலாம் என்றால், புது உறுப்பினரை மன்றத்தார் சேர்த்துக்கொள்ள ஒரு நாள் ஆகுமாம்.

'அண்ணன்' என்று தேடினாள். முந்நூற்றுப் பதினாறு வந்தது. 'அண்ணனுக்குக் கொடுக்கப்போகிறேன், மனசு சரியில்லை' என்ற திரியைத் திறந்தாள். இவன்தான், இவன்தான் என்று ஏழு பக்கம் படித்தாள். எட்டாவது பக்கத்தில் எழுதியவருக்குப் போன வருஷம் இரட்டைப் பிரசவம் ஆனது தெரியவந்தது.

பத்து நிமிஷம் போச்சு.

"என்ன, ஆன்லைன்ல புடவையா?" என்றார் தராசு. எடை போடும் மேடையில் நிற்பவர். வாயாலும் எல்லோரையும் எடை போடுவதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

"வீட்டுக்காரரைத் தேடிக்கிட்டிருக்கேண்ணே."

"புடவைன்னா தள்ளுபடியிலயாவது கிடைக்கும்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தவர், எடை போடுவதை நிறுத்தினார். "என்னம்மா, நிஜமாவா?"

மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டதே அதிசயம்.

"ஏம்மா, உன் வேலை என்ன? விலாசம் கிழிஞ்ச பார்சலுக்கு ஆள் கண்டுபிடிக்கிறது. அதுக்கு மேல ஒட்டியிருக்கிற படத்தையா பார்ப்பே?"

"இல்ல. முத்திரையைப் பார்ப்பேன். எத்தனை மணிக்கு எந்த லாரியில ஏறுச்சுன்னு..."

பாதியில் நிறுத்தினாள். கை பெல்ட்டை விட்டது. ஒரு பெட்டி அவளைத் தாண்டிப் போய்க் கீழே விழுந்தது.

பஸ் ஓட்டும்போது சின்னவன் போனைத் தொடமாட்டான். தொட்டால் வேலை போய்விடும். தொடக்கூடிய நேரம், கடைசி நிறுத்தத்தில் பஸ் நிற்கும் பன்னிரண்டு நிமிஷம்தான். ஆறு நாற்பது, எட்டு இருபத்தைந்து, பத்து பதினைந்து. டிரிப் ஷீட் வீட்டில் பிரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வரும்.

இனி தலைப்பைப் பார்க்கவில்லை. நேரத்தை மட்டும் பார்த்தாள். ஏழு ஐந்துக்கு எழுதியிருக்கிறதா? ஓட்டிக்கொண்டிருப்பான், அடுத்தது. ஒன்பது மணியா? அடுத்தது. திரியைத் திறக்க, ஆரம்பித்தவரின் நேரத்தைப் பார்க்க, மூட. பெல்ட்டைத் தராசு பார்த்துக்கொண்டார். முனகிக்கொண்டேதான்.

எண்பதோ தொண்ணூறோ தாண்டியிருக்கும். 'ஒரு சின்ன சந்தேகம்.'

இரண்டு தடவை அதைத் தாண்டி வந்திருக்கிறாள். யாருமே திறக்கத் தோன்றாத தலைப்பு. ஆனால் உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு பதில். ஆரம்பித்தவரின் பெயர் 'ஜன்னலோரம்'. ஆறு நாற்பத்து மூன்று. எட்டு இருபத்தொன்பது. பத்து பதினெட்டு. மறுபடி எட்டு முப்பத்தொன்று. ஒன்றுகூடப் பிசகவில்லை.

முதல் பதிவைப் படித்தாள்.

'கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் கும்பிடாத குறையாகப் பார்க்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. சாவுப் பயம்தான், சொல்ல என்ன வெட்கம். ஆனால் யாரிடம் சொல்வது? பெண்டாட்டியிடம் சொன்னால் அண்ணியிடம் சொல்லிவிடுவாள். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள்.'

"அடப்பாவி" என்றாள், சத்தம் வராமல்.

பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் தைரியம் சொல்லியிருந்தார்கள். 'நானும் நடுங்கினேன், இப்போது மாடிப்படி ஏறுகிறேன்' என்கிற ரகம். ஒரே ஒரு ஆள் மட்டும் எதிர்ப்பாட்டு. பெயர் 'பழைய டயர்'. அறுபத்தொரு தடவை எழுதியிருந்தான்.

'கொடுக்காதே தம்பி. பயம் வந்தால் அதற்கு மரியாதை கொடு.'

'அண்ணன் உன்னைக் குறை சொல்லமாட்டான். வேண்டுமானால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.'

'உன் மகள் இன்னும் பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை என்கிறாய். அவளுக்கு முழு அப்பா வேண்டும்.'

படிக்கப் படிக்கச் சின்னவளுக்குக் காது சுட்டது. யாரடா நீ? உனக்கென்ன நஷ்டம்? டயர் என்று பெயர் வைத்திருக்கிற லட்சணத்தைப் பார்த்தால் டெப்போ ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

போன் அதிர்ந்தது. பெரியவள். பெரியவரின் மனைவி, மூத்த ஓர்ப்படி.

"கிடைச்சானாடி?"

"தேடிக்கிட்டே இருக்கேன் அக்கா."

"நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்திருக்கேன். இவரை உள்ள ரத்தம் சுத்தம் பண்ற மிஷின்ல போட்டிருக்காங்க, பதினோரு மணிக்கு இறக்குவாங்க. தம்பி வந்துட்டானான்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"கேட்டாரா?"

"கேட்கலை. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. ஒரு வார்த்தை கேட்கலைடி."

சின்னவள் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு மறுபடி திரிக்குள் போனாள். கடைசிப் பக்கம். இன்றைய பதிவுகள்.

பழைய டயர், ஏழு ஐம்பதுக்கு: 'பன்னிரண்டு மணிக்குப் போகாதே. போனை எடுக்காதே. எங்கேயாவது போய் உட்கார். ஒரு நாள்தான், தாண்டிவிட்டால் முடிந்தது.'

ஜன்னலோரம், எட்டு நாற்பதுக்கு: 'என் ரூட்டிலேயே பயணியாக ஏறிக் கடைசி நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். டீ குடித்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி என்று படுகிறது.'

"அண்ணே, ஆத்துப் பாலம் தாண்டிப் போற வேன் எது?"

"மூணாம் நம்பர். இப்ப கிளம்பப் போகுது. டிரைவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு." தராசு அதற்குள் அவளுடைய கூடையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கண்டுபிடிச்சதும் முதல்ல ரெண்டு போடு. அப்புறம் பேசு."

வேனில் பெட்டிகளுக்கு நடுவில் குந்தியபடி, என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தாள். காறித் துப்புவது போல் நாலு வாக்கியம் தயாராக இருந்தது. பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. நாலு வாக்கியம் இரண்டானது. பாலம் தாண்டும்போது, 'சாவுப் பயம்தான், சொல்ல என்ன வெட்கம்' என்ற அவனுடைய வரி மட்டும்தான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, இத்தனை மாதம் அதை ஊர் பேர் தெரியாதவர்களிடம் சொல்லியிருக்கிறான்.

பத்து இருபது. கடைசி நிறுத்தத்தில் ஒரு பஸ் காலியாக நின்றது. அதன் நிழலில் சிமெண்ட் பெஞ்சில் சின்னவன். சீருடைச் சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து ஓடவில்லை. நகர்ந்து இடம் விட்டான்.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"ஒரே தட்டுல சாப்பிடுறவளுக்கு மூக்கு கொஞ்சம் அதிகம்."

அவன் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "படிச்சிட்டியா?"

"இருநூத்திப் பன்னெண்டும்."

"திட்டு."

"திட்டத்தான் வந்தேன். வர்ற வழியில தீர்ந்துபோச்சு." அவள் உட்கார்ந்தாள். "இங்க பாருங்க, அது உங்க கிட்னி. கொடுக்க முடியலைன்னா முடியலைன்னு அங்க வந்து சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன். அக்கா என்னை வெட்டிப் போட்டாலும் பரவாயில்லை. ஒளிஞ்சு உட்காராதீங்க, அது மட்டும் வேணாம்."

"போனா என்னால முடியாதுன்னு சொல்ல வாய் வராது. அதனாலதான் போகலை." தன் போனைத் தட்டிக் காட்டினான். "இந்த ஆளுக்குத்தான் அது புரிஞ்சுது. மத்தவங்க எல்லாம் தைரியம், தியாகம்னு. இவர் மட்டும்தான் என் பக்கம் நின்னு பேசினார்."

"யார் அந்த டயரு? டெப்போவுல டயர் மாத்துறவனா?"

"தெரியாது. விசாரிச்சா சொல்ல மாட்டேங்கிறார். நானும் ஒரு குடும்பத்துக்குப் பாரமா கிடக்கிறவன்தான்னு ஒரு தடவை எழுதினார்."

பஸ் டிரைவர் ஏறி இன்ஜினைப் போட்டார். இவனைப் பார்த்து, "தலைவலிக்கு நல்ல இடம் பிடிச்சே" என்று ஒரு குத்து விட்டார். பத்து இருபத்தேழுக்கு அந்த வண்டி கிளம்பும். அதை விட்டால் பன்னிரண்டுக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர வேறு வழியில்லை.

சின்னவள் அவன் கையிலிருந்து போனை வாங்கினாள். பழைய டயரின் பதிவுகளை மட்டும் தனியே எடுத்தாள். படிக்கவில்லை. காலையிலிருந்து கண்ணுக்குப் பழகிப்போன வேலை, முத்திரை பார்த்தாள். மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை. கீழிருந்து மேலே இன்னொரு தடவை.

தன் போனை எடுத்துப் பெரியவளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அந்த மிஷின் ரூம் கண்ணாடி வழியா எட்டிப் பார்த்து ஒண்ணு சொல்லுங்க." எழுந்து நாலடி தள்ளிப் போய்க் கேட்டாள். மறுமுனையில் பெரியவள் புலம்பலாக ஏதோ நீளமாகச் சொன்னாள். சின்னவள் திரும்பி வந்து, "நீங்களே கேளுங்க" என்று போனைக் கணவனின் காதில் வைத்தாள்.

அவன் கேட்டான். மடியில் இருந்த சட்டை கீழே விழுந்ததை அவன் கவனிக்கவில்லை.

கண்டக்டர் விசில் கொடுத்தார். சின்னவன் குனிந்து சட்டையை எடுத்து உதறினான். பித்தான் மாற்றிப் போட்டுக்கொண்டே ஓடிப்போய்ப் படியில் ஏறினான். அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். வண்டி முழுக்கக் காலி, ஆனாலும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பயம் போச்சா?" என்றாள்.

"இல்ல. அப்படியேதான் இருக்கு."

பாலம் வந்ததும் போனை எடுத்தான். 'ஒரு சின்ன சந்தேகம்' திரியில் இருநூற்றுப் பதின்மூன்றாவது பதிலாக, பழைய டயருக்கு எழுதினான். இரண்டு தடவை அழித்து எழுத வேண்டியிருந்தது. அவள் தோளுக்கு மேலாகப் படித்தாள். இந்த முறை அவன் போனைக் கவிழ்க்கவில்லை.

'வாரத்துல மூணு நாள், காலையில ஏழுல இருந்து பதினொண்ணு வரைக்கும், அந்த மிஷின்ல படுத்திருக்கிற நேரம் மட்டும்தான் நீ எழுதுறே. யாரோ ஒரு தம்பிக்குப் புத்தி சொல்றேன்னு இப்பவும் ஒத்தைக் கையால தட்டிக்கிட்டிருக்கியாம், அண்ணி சொன்னாங்க. போனைக் கீழே வை அண்ணா. வந்துக்கிட்டிருக்கேன்.'