சனிக்கிழமைக் குழாய்கள்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, மருத்துவமனையின் மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் ஓர் ஆய்வு முடிவு அறிவிக்கப்பட்டது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட இருநூற்றுப் பதினான்கு பேரின் ரத்தத்தில் ஐந்து புரதங்களை அளந்து, மூன்று ஆண்டுகளுக்குள் யாருக்கு நோய் திரும்பும் என்று கணித்திருந்தார்கள். நூற்றுக்கு எண்பத்திரண்டு பேருக்குக் கணிப்பு சரியாக இருந்தது. ஏப்ரல் ஏழாம் தேதி அடுத்த கட்டச் சோதனை தொடங்கும். அதில், நோய் திரும்பாது என்று கணிப்பு சொல்லும் நோயாளிகளுக்குக் கீமோ கொடுக்க மாட்டார்கள்.

அறிவித்தவள் சின்னவள், புள்ளிவிவரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவள் பெரியவள். அதே ஆய்வகத்தில் பதினாறு ஆண்டுகளாக டெக்னீஷியன். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டவர்கள். ஒரே வீட்டில் பெரியவள் கீழ் மாடி, சின்னவள் மேல் மாடி. ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்த இருநூற்றுப் பதினான்கு பேரின் ரத்தத்தையும் வாங்கி, இயந்திரத்தில் சுழற்றிப் பிரித்து, உறைபெட்டியில் அடுக்கியவள் பெரியவள்தான். திரையில் கடைசியாக வந்த நன்றிப் பட்டியலில் அவள் பெயர் பதினேழாவதாக இருந்தது. பதினாறாவது, உறைபெட்டி ரிப்பேர் செய்பவர்.

சாயந்திரம் மாமியார் கேட்டாள்: "ஆஸ்பத்திரி பத்திரிகையில சின்னவ போட்டோ வருதாமே. நீயும் அங்கதான இருக்க, உனக்கு ஒண்ணும் வரலையா?"

"சம்பளம் வருது அத்தை."

"அது எல்லாருக்கும்தான் வருது."

படியிறங்கி வந்த சின்னவள் காதில் இது விழுந்தது. "அத்தை, அக்கா இல்லன்னா இந்த ஆராய்ச்சியே இல்ல. எல்லாம் அக்கா கைபட்ட சாம்பிள்" என்றாள்.

பெரியவளுக்கு அந்தப் பெருந்தன்மைதான் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. சின்னவள் கொஞ்சம் தலைக்கனத்தோடு நடந்துகொண்டிருந்தால் தாராளமாக வெறுத்துவிட்டுத் தூங்கியிருக்கலாம்.

மறுநாளே தேட ஆரம்பித்தாள். ஏதோ ஒரு தப்பு இருந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்துகொண்ட பிறகுதான் தேடினாள். எண்களை அச்செடுத்து, சாப்பாட்டு இடைவேளையில் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தாள். நான்காம் நாள் கிடைத்தது. ஐந்து புரதங்களில் மூன்றாவதுதான் கணிப்பின் முதுகெலும்பு. அது உச்சத்தில் இருந்த முப்பத்தொன்பது குழாய்களைத் தேதிவாரியாக அடுக்கினாள். அவற்றில் முப்பத்து நான்கு, சனிக்கிழமை மத்தியானம் எடுத்த ரத்தம்.

புற்றுநோய்க்குக் கிழமை தெரியாது. ரத்தம் எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரிக்காவிட்டால் அணுக்களிலிருந்து சில புரதங்கள் கசியும் என்பது பெரியவளுக்குத் தெரியும். மூன்றாம் புரதம் நோயை அளக்கவில்லை. குழாய் மேசையில் எத்தனை நேரம் கிடந்தது என்பதை அளந்திருக்கிறது. சின்னவளுக்கு அது புரியவில்லை! அன்று பெரியவள் முணுமுணுத்த பாட்டைக் கேட்டு, "என்ன, புரமோஷனா?" என்றான் கணவன்.

ஆதாரத்துக்காகத் திங்கட்கிழமை பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தாள். 'சுழற்றிய நேரம்' என்ற பத்தியில் முதல் வரியில் 'ஒரு மணி நேரத்துக்குள்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே எல்லா வரிகளிலும், எல்லாப் பக்கங்களிலும், மேற்படி என்பதற்கான இரண்டு சின்னக் கோடுகள்.

அவள் போட்ட கோடுகள்.

மைத்துனன் கல்யாணத்துக்காக அப்போது மேல் மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைகளில் கொத்தனார் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று பன்னிரண்டரைக்கே கிளம்பிவிடுவாள். குடல் அடைத்துக்கொண்டு அவசரமாக வருபவர்களின் ரத்தம் அதற்குப் பிறகு வந்து தட்டில் உட்காரும். திங்கட்கிழமை காலையில் வந்து சுழற்றுவாள். அடைப்போடு வருபவர்களுக்குத்தான் நோய் அதிகம் திரும்பும். அதனால்தான் கணக்கு அத்தனை அழகாகப் பொருந்தியிருந்தது.

வாயைத் திறந்தால் சின்னவள் விழுவாள். ஆனால் அவளுக்கு முன்னால் பெரியவளே விழுவாள். திறக்காவிட்டால், ஏப்ரல் ஏழுக்குப் பிறகு, மருந்து வேண்டியிருந்தும் மருந்தில்லாமல் யாரோ வீட்டுக்குப் போவார்கள். அந்த யாரோவை நினைத்துத்தான் அவள் தவித்தாள் என்றால் அது பாதிதான் உண்மை. பத்து நாள் பேசாமல் இருந்தாள்.

பதினோராம் நாள் காலையில் மாமியார், பத்திரிகையில் வந்த சின்னவளின் படத்தை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். கீழ் மாடி ஃபிரிட்ஜ்.

ஆய்வகத்தில் பெரியவள், சின்னவளின் மேசைமேல் பதிவேட்டைப் போட்டாள். "சனிக்கிழமைக் குழாயெல்லாம் எடுத்துட்டு மறுபடி கணக்கு போடு."

"எதுக்குக்கா?"

"போடேன்."

எண்பத்திரண்டு ஐம்பத்தெட்டாக இறங்கியது.

"காசு சுண்டிப் போட்டாலே அம்பது வரும்" என்றாள் பெரியவள்.

சின்னவள் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "இது உங்க கோடுக்கா."

"தெரியும். பத்து நாளா தெரியும்."

"பத்து நாளாவா! அப்ப இன்னைக்கு என்ன வந்துது? ஃபிரிட்ஜப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்மேல பொறாமைன்னு தெரியும். இவ்வளவுன்னு தெரியாது."

"பொறாமைதான். இல்லன்னா தேடியிருக்கவே மாட்டேன். நீ தேடினியா? இருநூத்திப் பதினாலு பேருக்கும் ஒரே நேரம் போட்டிருக்கு. படிச்சவளே, ஒரு சந்தேகம்கூட வரலையா உனக்கு?"

சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கண்ணீருக்காகத்தான் பெரியவள் இத்தனை நாள் காத்திருந்தாள். வந்தபோது அது ருசிக்கவில்லை.

சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் தலைவருக்கு எழுதிடறேன். மறுபடி சரிபாக்கும்போது கவனிச்சேன், பழைய பதிவேட்ல குழப்பம்னு போடறேன். உங்க பேரு வேண்டாம்."

"அப்ப கண்டுபிடிச்சது நீன்னு ஆயிடும். அதுக்கும் ஒரு கைதட்டல் வாங்குவ. நகரு."

பெரியவளே உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டி எழுதினாள். இரண்டே வரி. சனிக்கிழமை ரத்தத்தைத் திங்கட்கிழமை சுழற்றியது நான். அதைக் கண்டுபிடித்ததும் நான்.

கடிதம் மார்ச் இருபத்தெட்டாம் தேதி மாலை மூன்று நாற்பதுக்குத் துறைத் தலைவருக்குப் போனது. ஏப்ரல் ஏழாம் தேதி சோதனை தொடங்கவில்லை. ஆய்வு முடிவு திரும்பப் பெறப்பட்டது. பெரியவளை ஆறு மாதத்துக்கு வெளிநோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். ஜூன் மாதம் சின்னவள் புதிதாக ரத்தம் சேகரிக்க ஆரம்பித்தாள். முதல் நாள் ஒன்பது பேர். ஒவ்வொரு வரியிலும் சுழற்றிய நேரம் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது. ஃபிரிட்ஜ் கதவிலிருந்த படத்தை மாமியார் எடுக்கவில்லை.