கழுவிய கற்கள்

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் செத்தவீட்டைக் கழுவ வேண்டும். பிரெஞ்சு நாட்டில், லா சப்பலில் நாலாம் மாடியில் இருந்தாலென்ன, அதைச் செய்யாமல் விடுகிற பிறவியா ஞானமலர்? திரைச்சேலை, சாமிப்படம், செருப்புவரை கழுவினாள். மகள் மிருணாளினியின் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி நிறையக் கற்கள் கிடந்தன. அவற்றில் கறுப்பு மையில் ஏதோ கிறுக்கல். வெளுக்கிற ஜாவெல் தண்ணீரில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் உரஞ்சி, சாவுத் துடக்குப் போகட்டுமென்று பல்கணியில் காயவைத்தாள்.

அப்படியான கற்களைத் தேடித்தான் மகள் ஆல்ப்ஸ் மலைக்குத் திரும்பவும் போனாள். மலைச்சரிவில் விழுந்தவளைச் சவப்பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

அந்தியேட்டி முடிந்தபின் ஸ்டெஃபானி வந்தாள். மிருணாளினியோடு மண்ணியல் ஆராய்ச்சி செய்தவள். இங்கே பிறந்த பிள்ளை, தமிழ் விளங்கும், பதில் மட்டும் பிரெஞ்சில் வரும்.

"அவளின் ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம்தான் பாக்கி, அன்ரி. அந்தக் கற்களைத் தாருங்கள், நாங்கள் முடிக்கிறோம். அவள் பெயரிலேயே வெளிவரும்."

மகள் செத்தபிறகு முதன்முதலாக ஞானமலருக்கு நெஞ்சு ஆறியது. பேராவது மிஞ்சுமே. ஓடிப்போய்க் கற்களை அள்ளி வந்தாள்.

ஸ்டெஃபானி ஒன்றைப் பிரட்டினாள். இன்னொன்றையும் பிரட்டினாள். "அம்புக்குறி எங்கே? இலக்கம் எங்கே?"

"நான் கழுவினனான், பிள்ளை."

ஸ்டெஃபானி கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு மெல்ல விளக்கினாள். கண்டங்கள் முட்டும்போது பாறைகள் தட்டுத்தட்டாகப் பெயர்ந்து, மூத்த பாறை இளையதன்மேல் ஏறிவிடும். அடியில் அகப்பட்டது வெந்து உருமாறும். எந்தத் திசையில் தள்ளுப்பட்டது என்ற தடம் கல்லுக்குள் இருக்கும். ஆனால் கல் மலையில் எப்படிக் கிடந்தது என்பதை அவள் மையால் போட்ட அம்புதான் சொல்லும். அது போனால் இது வெறும் கல்.

"மூத்ததுகள் மேலை, இளசு அடியிலை," என்றாள் ஞானமலர். "எங்கடை வீட்டிலையும் அதுதானே நடந்தது. வேறை கல்லு எடுக்கேலாதோ?"

"அவள் விழுந்த இடம் அது, அன்ரி. பாதையை மூடிவிட்டார்கள்."

உள்ளே இருந்து கணவர் தவரத்தினம் கேட்டார். "உனக்கு ஆர் கல்லையும் கழுவச் சொன்னது?"

ஞானமலர் கற்களை ஸ்டெஃபானியின் பக்கம் தள்ளினாள்.

"எல்லாத்தையும் ஒருக்கால் பிரட்டிப் பார், பிள்ளை. எங்கையாவது அவளின்ரை எழுத்து ஒரு துளியெண்டாலும் கிடக்கும்."

ஸ்டெஃபானி ஒவ்வொன்றாகப் பிரட்டிப் பார்த்தாள். ஞானமலர் ஒரு குறையும் வைக்காமல் கழுவியிருந்தாள்.