கதவில் ஐஸ் விழுந்த சனிக்கிழமை

அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். சிவப்பிரகாசம் சன்னலோரப் பிரம்பு நாற்காலியில், மடியில் எழுதும் அட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய மருமகன் சந்திரமோகன் மின்விசிறிக்கு நேர் கீழே, சோபாவின் நடுவில். இரண்டு பேர் உட்காரும் இடத்தை அவர் ஒருவரே நிரப்பிவிடுவார். சிவப்பிரகாசத்தின் மனைவி கன்னியம்மாள் சமையலறை வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு புளியில் கொட்டை எடுத்தபடி இருந்தாள். மகன் இளம்பரிதி, யார் பக்கமும் சேராத இடமாகப் பார்த்துத் தன் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டிருந்தான். அவன் மனைவி கவிப்பிரியா மட்டும் உட்காரவில்லை. சுவரோரம் நின்ற இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில், அதற்கு ஜாமீன் கொடுக்க வந்தவளைப் போல நின்றிருந்தாள்.

பேச்சும் அதைப் பற்றியதுதான். அந்த வீட்டில் புதிதாக எது வாங்குவதென்றாலும் மணவூரிலிருந்து சந்திரமோகன் வந்து சரி சொல்ல வேண்டும். டிராக்டர் முதல் டிவி வரை அப்படித்தான். அவர் வேண்டாமென்று சொல்லியும் வாங்கிய ஒரே பொருள் இந்த ஃப்ரிட்ஜ். கதவிலேயே ஒரு பொந்து இருக்கும், தம்ளரை வைத்து அழுத்தினால் ஐஸ் கட்டி விழும், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் சொந்தக்காரர்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுக்கலாம் என்று கவிப்பிரியாதான் ஒற்றைக் காலில் நின்றாள். மருமகளாக வந்த பிறகு அவள் பேச்சு எடுபட்டது அந்த ஒரு முறைதான்.

மழைக்காலம் முழுக்க வீட்டில் ஆளுக்கொரு சளி. ஐஸ் பக்கம் யாரும் போகவில்லை. மாசி வெயில் ஏறிய பிறகு அழுத்திப் பார்த்தால் உள்ளே கரகரவென்று சத்தம்தான் வந்தது, ஐஸ் வரவில்லை. பார்க்க வந்த மெக்கானிக் கதவை இரண்டு முறை திறந்து மூடி, ஐஸ் போடும் மெஷினே செத்துவிட்டது, செட்டோடு மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அரக்கோணத்தில் ஃப்ரிட்ஜ் வாங்கிய கடையில் சந்திரமோகன் பேசி முடித்துவிட்டார். வண்டி அனுப்பி இதை எடுத்துக்கொண்டு சாதாரண ஒற்றைக் கதவு ஒன்றைத் தருவார்கள். பில் யார் பேரில் இருக்கிறதோ அவர் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சாயங்கால ரயிலில் கடிதத்தைச் சந்திரமோகனே கொண்டுபோவார்.

சிவப்பிரகாசம் கடிதத்தை எழுதியும் முடித்துவிட்டார். கையெழுத்துதான் பாக்கி.

"கதவுல ஐஸ் வருமாம்" என்றார் சந்திரமோகன். "இந்தத் தெருவுல கொழாயிலயே தண்ணி வர்றதில்ல. நான் அன்னிக்கே சொன்னேன், கேட்டீங்களா மாமா?"

இளம்பரிதி தரையைப் பார்த்தான். கவிப்பிரியாவுக்கு ஃப்ரிட்ஜ் போவதுகூடப் பெரிதாகப் படவில்லை. அது போனபின் இந்த வீட்டில் அவள் எதற்கு வாயைத் திறந்தாலும், "ஃப்ரிட்ஜ் வாங்கினியே, அந்த மாதிரியா?" என்று ஒருவர் கேட்பார். கேட்காவிட்டாலும் நினைப்பார்கள். இன்னும் நாற்பது வருஷம் இந்த வீட்டில் இருக்க வேண்டியவள் அவள்.

"ரயிலுக்கு நேரம் இருக்குதில்ல மாமா? நான் ஒருவாட்டி பாத்துடறேனே" என்றாள்.

சந்திரமோகன் சிரித்தார். மெக்கானிக் பார்த்ததைவிட நீ என்னத்தைப் பார்க்கப் போகிறாய் என்ற சிரிப்பு. சிவப்பிரகாசம் பேனாவை மூடினார். "ஆங், பாக்கட்டும். கையெழுத்துப் போட எனக்கு ஒரு நிமிஷம் போதும்."

கவிப்பிரியா அம்மையார்குப்பத்து விசைத்தறி வீட்டுப் பெண். அங்கே தறி ஓடிக்கொண்டிருக்கும்போது நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஓர் இழை அறுந்தால், அதில் தொங்கும் தகடு விழுந்து தறி தானாக நின்றுவிடும். சில நாள் எந்த இழையும் அறுந்திருக்காது. தகட்டுக்கடியில் பஞ்சு சேர்ந்து, அறுந்துவிட்டது என்று தறியே நினைத்துக்கொண்டு நின்றிருக்கும். அதனால் அந்த வீடுகளில், தறி நின்றால் எது கெட்டது என்று யாரும் முதலில் தேட மாட்டார்கள். எது நிற்கச் சொன்னது என்றுதான் தேடுவார்கள்.

அவளும் அப்படியே தொடங்கினாள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயைக் கழற்றி வாளியில் பிடித்தாள். தண்ணீர் நன்றாகவே வந்தது. உறைய வைக்கும் அறையில் கை வைத்தால் விரல் ஒட்டுகிற குளிர். ஆகத் தண்ணீர் இருக்கிறது, குளிர் இருக்கிறது, ஐஸ் மட்டும் இல்லை. இந்த மெஷின் எப்போது தானாக நிற்கும்? ஐஸ் விழும் பெட்டி நிறைந்தால் நிற்கும். பெட்டியோ காலி.

"காலிப் பெட்டிய நெறைஞ்சதுன்னு நெனச்சிக்கினு இருக்குது போல" என்று இளம்பரிதியிடம் மெதுவாகச் சொன்னாள். அவன் நாற்காலியை விட்டு எழுந்து வந்தான். அன்று காலையிலிருந்து அவன் எடுத்த முதல் முடிவு அதுதான்.

இருவருமாகப் பெட்டியை இழுத்து வெளியே வைத்தார்கள். கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தபோது பெட்டி இருந்த இடத்தின் இரண்டு பக்கச் சுவரிலும், ஒன்றுக்கொன்று நேராக, மொச்சைக்கொட்டை அளவில் கண்ணாடி போன்ற ஒரு புள்ளி இருப்பது தெரிந்தது. வலப்பக்கத்துப் புள்ளி பளிச்சென்று இருந்தது. இடப்பக்கத்தில் கண்ணாடியே தெரியவில்லை. அதன் மேல் மஞ்சளாக ஒரு வட்டம், நடுவில் சிவப்பு. இளம்பரிதி, எரிந்து துருப்பிடித்திருக்கிறது என்றான். அந்தப் புள்ளிகள்தான் மெஷினின் கண்கள். ஐஸ் நிறைந்து மறைத்தால் ஒரு கண்ணுக்கு இன்னொரு கண் தெரியாது, மெஷின் நின்றுவிடும். இங்கே ஐஸ் இல்லாமலே மறைந்திருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி எடுத்தாள். வட்டம் கரைந்தது. துணியை மூக்கருகே கொண்டுபோனாள்.

சந்தனம். குங்குமம்.

ஆயுதபூஜைக்கு முதல் நாள் இருந்த ஐஸையெல்லாம் கொட்டிவிட்டு ஃப்ரிட்ஜை உள்ளும் புறமும் கழுவித் துடைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் டிராக்டருக்குப் பொட்டு வைத்தால் முகப்பு விளக்கின் மேல்தான் வைப்பார்கள். கண் இருக்கிற பொருளுக்குக் கண்ணில் வைக்க வேண்டும் என்பது கன்னியம்மாளின் கணக்கு. கவிப்பிரியா திரும்பிப் பார்க்கவில்லை. துணியை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டாள்.

"இன்னா அது?" என்று சோபாவிலிருந்து கேள்வி வந்தது.

"கண்ணு மாதிரி ஒண்ணு இருக்குது அண்ணா. அதுல அழுக்குப் புடிச்சிருந்தது. தொடச்சிட்டேன்."

புளியில் கொட்டை எடுத்த கை நின்றது. சமையலறை வாசலிலிருந்து கன்னியம்மாள் சொன்னாள்: "அழுக்கு இன்னா அழுக்கு. அது நான் வெச்ச பொட்டு."

சந்திரமோகன் வயிறு குலுங்கச் சிரித்தார். "அத்தே, கண்ண மறைச்சு பொட்டு வெச்சா அது எப்படிப் பாக்கும்?"

"டிராக்டருக்கு வெக்கலியா? அது ஓடலியா? போன வருஷம் உங்க பைக்குக்கு வெச்சேனே, நீங்க கெணத்துலயா போய் விழுந்தீங்க?" என்றாள் கன்னியம்மாள். சிரிப்பு பாதியில் நின்றது. மாமியார் தன்னைத்தானே காட்டிக் கொடுத்துக்கொண்டது மருமகளுக்காகத்தான் என்று கவிப்பிரியாவுக்குத் தோன்றியது. ஆனால் கன்னியம்மாளின் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. அவள் மறுபடி கொட்டை எடுக்க ஆரம்பித்திருந்தாள்.

துடைத்தது சரி, ஐஸ் வர வேண்டுமே. பெட்டியைப் பொருத்திக் கதவை மூடினார்கள். சற்று நேரத்தில் உள்ளே தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. இளம்பரிதி மனைவியின் கையைப் பிடித்து உடனே விட்டான். அதன் பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை. சாப்பாடு ஆயிற்று. தண்ணீர் சத்தத்துக்கெல்லாம் ரயில் நிற்காது என்று சந்திரமோகன் சொல்லிவிட்டு, சோபாவிலேயே சாய்ந்து குறட்டை விட்டார். சிவப்பிரகாசம் கடிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். கவிப்பிரியா பாத்திரம் தேய்த்தாள். காது மட்டும் கூடத்திலேயே இருந்தது.

வெயில் சன்னலைத் தாண்டிய நேரத்தில், ஃப்ரிட்ஜுக்குள் கூழாங்கல் கொட்டியதுபோல் ஒரு சத்தம். குறட்டை நின்றது. கவிப்பிரியா ஈரக் கையோடு ஓடி வந்து, ஒரு எவர்சில்வர் தம்ளரைக் கதவுப் பொந்தில் வைத்து அழுத்தினாள். கரகரவென்றது. பிறகு கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தம்ளரில் விழுந்து, நிரம்பி, தரையிலும் இரண்டு தெறித்து ஓடின. அவள் கையை எடுக்கவே இல்லை. இளம்பரிதிதான் சிரித்துக்கொண்டே அவள் கையை விலக்கினான்.

முதல் தம்ளரில் மோர் ஊற்றி மாமியாரிடம் கொடுத்தாள். இரண்டாவது சந்திரமோகனுக்கு. அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தம்ளரைத் திருப்பி நீட்டினார். "இன்னும் ரெண்டு கட்டி போடும்மா. பல்லு கூசட்டும், பரவால்ல."

சிவப்பிரகாசம் பழைய கடிதத்தை நான்காகக் கிழித்து நாற்காலிக்கு அடியில் போட்டார். புதுத் தாளை அட்டையில் செருகினார். எதை எழுதவும் யாரையும் கேட்டறியாதவர், மருமகளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ சொல்லு, எழுதறேன். இன்னான்னு எழுதட்டும்?"

அவள் ஃப்ரிட்ஜ் கதவில் கை வைத்தபடி சொன்னாள். அவர் எழுதினார். தங்கள் கடையில் வாங்கிய ஃப்ரிட்ஜ் நன்றாக வேலை செய்கிறது. அதை மாற்றும் எண்ணம் எங்களுக்கு இல்லை. வண்டி அனுப்ப வேண்டாம். பொட்டு விஷயத்தை எழுதலாமா என்று அவர் கேட்டதற்கு, அது வீட்டு விஷயம், கடைக்கு எதற்கு என்றாள். அவர் தலையாட்டி, கீழே கையெழுத்துப் போட்டு, பேனாவை அவளிடம் நீட்டினார். அவர் பேருக்குப் பக்கத்தில் அவளும் போட்டாள்.

உறைக்குள் வைத்து, இரண்டு சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்தி ஒட்டினார் சிவப்பிரகாசம். சந்திரமோகன் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். இளம்பரிதி அவரை ஸ்டேஷனில் விட வண்டியைக் கிளப்பினான்.