எதிர்ச்சுற்று

அருணாதேவி கண்ணுக்குத் தெரியாத விமானம் கட்டுகிறாள் என்று அவளுடைய அண்ணி ரேவதி தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கண்ணுக்கு நன்றாகவே தெரியும், ரேடாருக்குத்தான் தெரியாது என்று எத்தனை தடவை திருத்தினாலும் கேட்பதாக இல்லை. "அப்புறம் அதுல என்னா பெருமை?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

பெருமை இருக்கத்தான் செய்தது. நம் நாட்டிலேயே உருவாகும் போர் விமானம் அது. ஏவுகணைகளை இறக்கைக்கு அடியில் தொங்கவிடாமல் வயிற்றுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும். ஒலியை முந்திக்கொண்டு போகும். அத்தனை பெரிய உடம்போடு வந்தாலும் எதிரியின் ரேடாரில் ஒரு மைனா அளவுக்குத்தான் தெரிய வேண்டும். பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் அந்த மைனாவுக்குப் பொறுப்பு அருணாதேவி.

ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி காலை பத்து மணி வரைக்கும் இருந்தது. விடிந்ததும் நாத்தியும் அண்ணியும் செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிரிவலம் கிளம்பினார்கள். மலையின் இடுப்பில் பனி நின்றது. உச்சி மட்டும் தனியாக, எதன் மேலும் உட்காராமல் மிதந்தது.

"இடது பக்கமாவே வா அருணா. மலையோரமா சித்தருங்க உருவம் காட்டாம நடப்பாங்க. தெரியாம இடிச்சிடப் போற."

"தெரியாதவங்களைக் கண்டுபுடிக்கறதுதான் அண்ணி எனக்கு வேலையே."

சிரித்தாளே தவிர மனசு லேசாக இல்லை. பெங்களூரில் அவள் மேசையில் ஓர் அறிக்கை கையெழுத்துக்குக் காத்திருந்தது. திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போட்டால், மாறன் என்ற இருபத்தாறு வயதுப் பையன் இரண்டு வருஷம் உட்கார்ந்து வரைந்த வயிற்றுக் கதவு குப்பைக்குப் போகும். அவனும் வேறு பிரிவுக்குப் போவான்.

விமானத்தின் சின்ன மாதிரியை ஒரு கம்பத்தில் ஏற்றி, மேடையோடு மெதுவாகச் சுற்றவிட்டு, ரேடார் அலையை அதன் மேல் பாய்ச்சிப் பார்ப்பார்கள். எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு எதிரொலி வருகிறது என்று திரையில் கோடாக ஓடும். நல்ல விமானத்துக்கு எதிர்பார்த்த நாலைந்து இடங்களில் மட்டும் முள் மாதிரி மேலே குத்தும். இதிலோ எதிர்பாராத திசையில் ஒரு முள். பக்கத்தில் இருந்தது மாறனின் கதவு விளிம்பு. பழி அதன் மேல் விழுந்தது. இறக்கை விளிம்பில் வர வேண்டிய முள் ஒன்று வரவே இல்லை. அதை மட்டும் அலையை உறிஞ்சும் மேற்பூச்சின் சாமர்த்தியம் என்று எல்லோரும் தோளைத் தட்டிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாறன் தயங்கித் தயங்கி வந்தான். "மேடம், ஒரே ஒரு தடவை மேடையை எதிர்ப்பக்கமா சுத்திப் பாக்கலாமா?"

"நேரம் இல்ல மாறன்" என்று அவள் வெடுக்கென்று சொன்னாள். நேரம் இருந்தது. ஆறு வருஷமாக ரேடார் விமானத்தை வலம் வருவது போலத்தான் அவள் மேடையைச் சுற்றவிட்டு வந்தாள். பிறந்ததிலிருந்து மலையைச் சுற்றிய காலுக்கு வேறு பக்கம் தோன்றவில்லை. எதிர்ச்சுற்று என்றதுமே உள்ளே என்னவோ முகத்தைச் சுளித்தது. படித்தவளாயிற்றே, அதை வெளியில் சொல்ல முடியுமா?

வருணலிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து சுக்குக் காபி குடித்தார்கள். எழுந்து நடந்தார்கள். சாலை ஓரத்தில் ஒரு புளியமரம், அதைத் தாண்டி ஓர் இளநீர் வண்டி. வண்டிக்கு நேரே வந்தபோது பெரிய உச்சிக்குப் பின்னாலிருந்து சின்ன உச்சி ஒன்று பிரிந்து எட்டிப் பார்த்தது. "தோ, இங்கதான் அண்ணி மலை ரெண்டாவும். சின்னப் புள்ளைலேர்ந்து பாக்கறேன்" என்றாள் அருணாதேவி.

அடி அண்ணாமலை வந்து பையைத் துழாவியபோதுதான் செல்போன் இல்லை என்று தெரிந்தது. அவள் வேலைக்கு, செல்போனைத் தொலைப்பதும் வீட்டைத் திறந்து போட்டுவிட்டு வருவதும் ஒன்றுதான்.

"காபிக் கடைலதான் வெச்சிருப்பே. ஓடு, நான் இங்கயே குந்தினு இருக்கேன்" என்றாள் ரேவதி.

திரும்பினாள். கூட்டம் மொத்தமும் எதிரே வந்தது. "எதிர்ல வராதம்மா!" என்று ஒருவர் அதட்டினார். ஒதுங்க இடம் மலையோரமாகத்தான் இருந்தது. சித்தர்கள் நடக்கும் பக்கம். அதுவும் அவர்களுக்கு எதிராக. அருணாதேவி சங்கடத்தோடு கையைக் கூப்பிக்கொண்டே நடந்தாள். பனி அவள் உயரத்துக்கு இறங்கியிருந்தது. பனிக்குள் யாரோ யாரோ விலகி வழிவிடுவது போலிருந்தது. தோளில் ஒரு குளிர்ச்சி பட்டுப் பட்டுப் போயிற்று. பயமாக இல்லை. தூக்கத்தில் நடப்பது போல் சுகமாகக்கூட இருந்தது.

இளநீர் வண்டி வந்தது. அண்ணாந்து பார்த்தாள். உச்சி இரண்டாகவே இருந்தது. ஒன்றாக வேண்டிய இடமல்லவா இது? இன்னும் நடந்தாள். அப்போதும் இரண்டு. புளியமரத்தைத் தாண்டிய பிறகுதான் சின்ன உச்சி பெரியதற்குள் மறைந்ததை அவள் கண் கவனித்தது.

மரத்தடியில் நின்றுவிட்டாள். மலை நகரவில்லை. போகும்போதும் கண் கொஞ்சம் தாமதம், வரும்போதும் தாமதம். உண்மையான இடம் மரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது. நாற்பது வயது வரைக்கும் ஒரே பக்கமாக நடந்ததில் அந்த வண்டியையே சத்தியம் என்று நம்பியிருக்கிறாள்.

அப்படியானால் அந்த முள்? 'ஐயோ மாறா' என்று வாய்விட்டே சொன்னாள்.

கடைக்காரர் அப்ரோஸ் செல்போனைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். "மாறன்னு பேர் வந்துச்சுங்க. மூணு தடவை அடிச்சாரு. நான் எடுக்கல."

ஒரு செய்தியும் இருந்தது. 'மேடம், நீங்க எழுத வேணாம். மாறுதல் கேட்டு நானே எழுதிக் குடுத்துடறேன்.'

அங்கேயே நின்று கூப்பிட்டாள். "மாறன், எதுவும் எழுதாத. நாளைக்கு ஏழு மணிக்கெல்லாம் வந்துடு. நீ கேட்டதை செஞ்சி பாக்கலாம்."

"சரிங்க மேடம்" என்றான் மாறன்.

திங்கட்கிழமை, சுவர் எதிரொலிக்காமலிருக்கக் கூம்பு கூம்பாய்க் கருநீலப் பஞ்சு ஒட்டிய சோதனை அறைக்குள் மாதிரி விமானம் முதல் தடவையாக எதிர்ப்பக்கம் சுற்றியது. சின்னக் கறுப்பு மலை ஒன்று காலைப் பனியில் திரும்புவது போலிருந்தது. அருணாதேவி திரையைப் பார்த்தாள். முள் எழுந்தது. பழைய இடத்தில் இல்லை. இறக்கையின் முள் வர வேண்டிய இடத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு டிகிரி தள்ளி எழுந்தது. முன்பு இந்தப் பக்கம் இரண்டு டிகிரி. இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தால், காணாமல் போன இறக்கை முள்தான் அது. மேடைக்கு அடியில் திறந்து பார்த்தபோது பல்சக்கரத்தில் ஓரிடம் தேய்ந்திருந்தது. அந்த இடத்தில் கணக்கு முன்னே போக, விமானம் பின்தங்கியே வந்திருக்கிறது. கதவில் ஒரு குறையும் இல்லை.

அறிக்கையில் 'பிழைக்குப் பொறுப்பு' என்ற கட்டத்தில் மாறனின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள்.

மாறன் எட்டிப் பார்த்துப் பதறினான். "மேடம், தப்பு மிஷினோடதுதானே?"

"ஒரே பக்கமா சுத்துனு அதுக்குச் சொன்னது நான்தானே" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.