புள்ளிக்குப் பின்னால் ஒரு தெரு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் அக்காவின் வாயிலிருந்து எடுத்தது. அவளுக்கும் அது சொந்தமல்ல. கூட்டங்களில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஒருவர் வேற்றுமொழியில் பேசப் பேசக் காதில் வாங்கித் தமிழில் சொல்வது அவள் வேலை. அன்று நடந்தது பொதுக்கூட்டம், ரகசியம் ஒன்றுமில்லை. ஆபாசத் தளங்களுக்கென்றே இணைய முகவரியில் தனி வால் ஒன்று கொடுக்கலாமா என்பது பேச்சு. கடைசிப் புள்ளிக்குப் பின்னால் சில எழுத்துகள், அவ்வளவுதான். பார்த்ததுமே இன்ன தளம் என்று தெரிந்துவிடும். வேண்டாதவர்கள் அந்த வாலையே மொத்தமாக அடைத்துவிடலாம்.

என் வியப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. ஆடும் நாற்காலி, ஆறிப்போன தேநீர், அடிக்கடி கரகரக்கும் ஒலிபெருக்கி. இப்படியொரு அறையில் உட்கார்ந்து சில மனிதர்கள் உலகம் முழுமைக்கும் ஒரு புதுத் தெரு வெட்டலாமா என்று பேசுகிறார்கள்!

2

முதல் வரியை இப்படி எழுதினேன்: 'தள முதலாளி தன் தங்க மோதிரத்தைத் திருகியபடி இளித்தார், அப்போது அவருடைய—'

படித்துக் காட்டியபோது அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மோதிரமும் இல்ல, இளிப்பும் இல்ல. பேங்க் மேனேஜர் மாதிரி இருந்தாரு, பாவம்."

(அடித்துவிட்டேன். வில்லன் இருந்தால் கதை தானாக ஓடும். இனி தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும்.)

ஆபாசத் தளம் நடத்தும் அந்த முதலாளி, வால் வேண்டாம் என்றார். பெற்றோர் சங்கத்து அம்மாவும் வேண்டாம் என்றார்.*

* ஒரே வாலில் கட்டினால் ஒரே வெட்டில் அறுத்துவிடுவார்கள் என்று முதலாளிக்குப் பயம். தெரு வெட்டிக் கொடுத்தால் அங்கீகாரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று அந்த அம்மாவுக்குக் கோபம். எலியும் பூனையும் ஒரே பக்கம்.

3

கடைசியாக ஒரு பெண் எழுந்தார். பல் மருத்துவர்.

அக்காவின் தொழிலில் ஒரு விதி உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றே சொல்லவேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்கி நிற்கக் கூடாது.

"நான் சம்மதிக்காத படம் ஒண்ணு ஊரெல்லாம் சுத்துது. அதுல இருக்கிறது நான்தான்" என்றது அக்காவின் குரல், தமிழ் கேட்ட அத்தனை பேர் காதிலும்.

அந்தப் பெண்ணுக்குப் பேச்சு நின்றது. அக்காவும் நின்றாள். காதுக் கருவிகளில் அவள் மூச்சு மட்டும் போய்வந்தது.

பிறகு: "இன்னைக்கு ஒரு முகவரி, நாளைக்கு வேற. நான் எங்க போய்க் கேக்கிறது? எனக்கு இந்தத் தெரு வேணும். தெருன்னு இருந்தா அங்க முகவரியை வாடகைக்கு விடுற ஆபீஸ்னு ஒண்ணு இருக்கும். கதவைத் தட்டலாம்ல?"

தள முதலாளி எழுந்தார். "மன்னிச்சுக்கங்கம்மா. அங்க வரச்சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. உங்க படத்தைப் போட்டவன் அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டான்."

"தெரியும். வராதவன் வராம போகட்டும். வர்ற ஒருத்தனையாவது நான் நிக்கவச்சுக் கேக்கணும்."

இரண்டு பேராகவும் அக்காதான் பேசினாள். கேட்டவளும் அவளே, மறுத்தவளும் அவளே.

"அந்த நேரத்துல நான் எங்க இருந்தேன்னே தெரியலடா" என்றாள் என்னிடம். (இந்த இடத்துக்கு மூன்று உவமைகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை.)

4

கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண் கூண்டைத் தேடி வந்தார்.

"உங்களுக்குச் சங்கடமா இருந்துச்சா?"

யார் யாரைக் கேட்பது!

"இல்லம்மா. உங்க 'நான்' கொஞ்ச நேரம் என்கிட்ட இருந்துச்சு. பத்திரமா திருப்பிக் குடுத்தேனான்னுதான் பயம்" என்றாள் அக்கா.

அவர் அக்காவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

(அவர் பல் மருத்துவர் அல்ல. அந்த ஒன்று மட்டும் என் பொய். அவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று அக்கா வற்புறுத்திச் சேர்த்தது.)

5

பல ஒத்திவைப்புகளுக்குப் பிறகு வால் வந்தது, தெரு திறந்தது. இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அந்தப் பெண் ஆபீஸ் கதவைத் தட்டுகிறார், படம் நீக்கப்படுகிறது. மற்றதில் தட்டித் தட்டிக் கை ஓய்கிறது.

"ரெண்டுல எது நடந்துச்சுக்கா?"

"அதை அவங்க என்கிட்ட சொல்லலயே."

"கதைதானே அக்கா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"படத்தை அவங்களைக் கேக்காம போட்டாங்க. முடிவையும் அவங்களைக் கேக்காம நீ போடப்போறியா?"

இரண்டையும் அடித்துவிட்டேன். அடுத்த வாக்கியம் அந்தப் பெண்ணுடையது. அவர் பேச எழும்போது, வாசகரே, தயவுசெய்து நீங்களாக ஒரு முடிவு போட்டுவிடாமல் கேளுங்கள்—