கீழ்த்தட்டில் வைத்த கார்டு

கனகம் தபாலாபீஸுக்குள் வரவில்லை. வாசலில் இருந்த வேப்பமரத்தடியிலேயே ஈரத்தலையோடு நின்றாள். கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை. மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியும் மரம் சொட்டிக்கொண்டிருந்தது. போஸ்ட் மாஸ்டர் கோதண்டராமன் தேதி முத்திரையின் எண்ணை மாற்றிக்கொண்டே ஜன்னல் வழியாக அவளை இரண்டு முறை பார்த்தார்.

"உள்ள வாம்மா. நனையறே பார்."

"வேணாம் சார். சாவுத் தீட்டு. ஒரு கார்டு மட்டும் எழுதிக் குடுங்க, போயிர்றேன்."

யாருக்கு என்று கேட்டார். மறைமலை நகரில் இருக்கும் அண்ணிக்கு என்றாள். காரியத்துக்கு வர முடியாது, வருகிற முகம் தனக்கு இல்லை, ஆனால் வீட்டில் ஒரு விளக்கு ஏற்றி வைத்திருப்பதாக எழுதச் சொன்னாள். அண்ணன் நாகப்பன் போய்விட்டான் என்பது அப்போதுதான் கோதண்டராமனுக்குப் புரிந்தது. எப்போது, எப்படி என்று மெல்லக் கேட்டார். அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"நேத்து சுப்பன் கொண்டாந்து குடுத்தானே சார். கருப்பு ஓரம் வச்ச கார்டு."

முத்திரையைப் பிடித்திருந்த அவர் கை அப்படியே நின்றது.

அந்தக் கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தில் தபால் ஓட்டக்காரர்கள் பையை மாற்றிக்கொள்ளும் கொட்டகையாக இருந்தது. பிறகு சுவர் எழுப்பி ஓடு போட்டு ஆபீஸ் ஆக்கினார்கள். சுவரோடு பதித்த மர அலமாரியில் பதினான்கு அறைகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் ஊரின் பெயர். அவற்றில் மூன்று ஊர்களில் இப்போது ஆளே கிடையாது. ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து ஆண்கள் ரங்கூனுக்குப் பிழைக்கப் போனார்கள். அவர்களில் செத்தவர்களின் சேதி இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்துக் கருப்பு ஓரம் வைத்த கார்டில் வரும். கல்யாணக் கடிதாசியோடு அது ஒட்டிக்கொண்டு கிடக்கலாகாது என்று அந்நாளைய போஸ்ட் மாஸ்டர் யாரோ அலமாரிக்கு அடியில், வாசலை ஒட்டி, ஒரு பலகை அடித்து வைத்தார். அதற்குக் கீழ்த்தட்டு என்று பெயர். கீழ்த்தட்டுக் கார்டைத் தபால்காரர் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார். தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பேசாமல் கொடுத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் திரும்புவார். வாங்கியவர்கள் அதைக் கிழித்து எறிந்துவிட்டுத் தலை முழுகுவார்கள். எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத வழக்கம். கோதண்டராமன் இங்கே வந்த ஒன்பது வருஷத்தில் அதை மாற்ற நினைத்ததில்லை. துக்கத்துக்கு ஒரு தனி இடம் கொடுத்திருப்பது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஓடு ஒழுகியது. மேஜையை அவசரமாக நகர்த்தியபோது மைப்புட்டி சாய்ந்துவிட்டது. ஒரே ஒரு கார்டுதான் நனைந்தது, கனகத்துக்கு வந்த கார்டு. நீளவாக்கில் ஒரு ஓரமும் இரண்டு மூலைகளும் கறுத்துப் போயின. மற்றவற்றில் மை ஒட்டக்கூடாதென்று அதைத் தனியே காயவைக்க ஓர் இடம் தேடினார். காலியாக இருந்தது கீழ்த்தட்டுதான். அதில் வைத்துவிட்டு, ஒழுகலுக்குப் பாத்திரம் வைக்கப் பின்கட்டுக்குப் போனார். திரும்பி வருவதற்குள் தபால்காரன் சுப்பன் அதையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பியிருந்தான். அது மைக்கறை என்று அவனுக்கே தெரிந்துவிடும் என்று இருந்துவிட்டார்.

இப்போது சுப்பனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான்.

"கீழ்த்தட்டுல இருந்துச்சு சார். ஓரமும் கருப்பா கீது. நான் இன்னாத்தக் கண்டேன்?"

"படிச்சியா?"

"சாவுக் கார்ட யாரு சார் படிப்பாங்க?"

கனகமும் படிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. எங்கிருந்து என்று மட்டும் கேட்டிருக்கிறாள். மறைமலை நகர் முத்திரை என்று அவன் சொன்னதும் எல்லாம் தெரிந்துவிட்டது. அங்கே அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? நான்காகக் கிழித்துக் கால்வாயில் போட்டாள். மழைத் தண்ணீர் அதை ஏரிக்குக் கொண்டு போயிருக்கும்.

கோதண்டராமன் எழுந்து வெளியே போனார். மரத்தின் சொட்டு அவர் வழுக்கைத் தலையில் விழுந்தது. கையைக் கட்டிக்கொண்டு, மை கொட்டியதையும் கீழ்த்தட்டில் வைத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தப்பு தன்னுடையது, சுப்பனுடையது அல்ல என்றார்.

அவள் முந்தானை நுனியைப் பிழிந்தாள். பிறகு, "அப்ப சாவலியா?" என்றாள்.

"தெரியாதும்மா. அந்தக் கருப்பு என் மை. உள்ள என்ன எழுதியிருந்ததுன்னு எனக்குத் தெரியாது."

"கார்டுதான சார். தொறந்துதான கெடக்குது."

"நான் படிக்கறதில்லே."

முப்பத்தோரு வருஷ சர்வீஸில் அவர் பெருமையாகச் சொல்லி வந்த வார்த்தை அது. தினமும் பெருமாள் படத்தின் முன் கைகூப்பும்போது, தான் கடைப்பிடித்த நல்லது என்று அவர் நினைத்துக்கொள்வது அதைத்தான். மனைவி போனபிறகு, எல்லாருடைய கடிதமும் கைமாறிப் போக, தனக்கென்று ஒன்றுகூட வராத அந்த அறையில் அவரை நிமிர்ந்து உட்காரவைத்ததும் அதுதான். இன்றைக்கு அவள் முன்னால் அது எதற்கும் உதவவில்லை.

கனகம் மரத்தில் சாய்ந்துகொண்டாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் நாகப்பன் தன் பங்கு நிலத்தைக் கம்பெனி கட்ட வந்தவர்களுக்கு விற்றுவிட்டு, மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேன் வேலைக்குப் போனான். வரப்பில் நின்று அவள்தான் கத்தினாள், நீ செத்தாலும் எனக்குக் கடிதாசி போடாதே என்று. அவனும் போடவில்லை. ஊருக்கே தெரிந்த கதை.

"சேத்து வச்சதெல்லாம் நேத்து ஒரே நாள்ல அளுது தீத்துட்டேன் சார்," என்றாள். "இப்ப உசுரோட கீறான்னா நான் இன்னா பண்றது?"

மழையில் ஆபீஸ் டெலிபோன் செத்துக் கிடந்தது. நாளை ஞாயிறு, நானே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றார். அவள் முந்தானையால் தலையைப் போர்த்திக்கொண்டு நடந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் அவருக்கு முன்பே அவள் நின்றிருந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. ஒரகடம் போய் மாறி, சிங்கபெருமாள் கோயில் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினார்கள். கோபுரம் தெரிந்ததும் கோதண்டராமன் ஜன்னலோரம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இவளுக்காக ஒன்றே ஒன்று கேட்டார். கேட்ட பிறகு, தனக்காகவும் அதையே கேட்டிருக்கிறோம் என்று தோன்றியது.

முன்பு அவரிடம் வேலை பார்த்த தணிகாசலம் இப்போது மறைமலை நகரில் தபால்காரர். விசாரிக்க முதலில் அவர் வீட்டுக்குப் போனார்கள். அவர் காய்ச்சலில் பத்து நாளாக லீவு, ஊர்ச்சேதி எதுவும் தெரியவில்லை. கட்டிலில் படுத்தபடியே வீட்டு அடையாளம் மட்டும் சொன்னார்.

தெரு முனையில் கனகம் நின்றுவிட்டாள். பையைத் திறந்து காட்டினாள். புது வேட்டி ஒன்று, கடை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"நேத்து படப்பைக்குப் போயி எடுத்தாந்தேன். இருந்தான்னா கட்டிக்கட்டும். இல்லன்னா படத்து முன்னால வைக்கிறேன். ரெண்டுக்கும் ஆவும்."

சொல்லும்போது உதடு கோணிச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. கோதண்டராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நான்காவது வீடு. சாத்திய பச்சைக் கதவு. வாசலில் கோலம் இல்லை. மழைக்குப் போடாமல் விட்டிருக்கலாம். பந்தல் போட்ட குழியோ, சிந்திய பூவோ இருக்கிறதா என்று அவர் தரையைப் பார்த்தார். கனகம் தரையைப் பார்க்கவில்லை. வேலியோரம் கட்டிய கொடியில் ஒரு காக்கிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்துப் பட்டன் உட்பட எல்லாப் பட்டனும் போட்டிருந்தது.

"இப்பிடிப் பட்டன் போட்டுக் காயப் போடுறவன் அவன் ஒருத்தன்தான்," என்றாள் தணிந்த குரலில். சற்றுப் பொறுத்து, "அவன் வூட்டுப் புள்ளைங்களும் கத்துக்கினு இருக்கலாம்," என்றாள்.

கூப்பிடும்மா என்றார். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். ஏழு வருஷமாக அந்த வாயில் அண்ணா என்ற சொல் வரவில்லை. அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோதண்டராமன் ஒரு நாளும் வீடு வீடாகத் தபால் கொடுத்தவரல்ல. கதவருகே போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், போஸ்ட்!" என்று குரல் கொடுத்தார்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. யாரோ செருப்பைத் தேடினார்கள். அவர் இரண்டடி பின்னால் வந்து, வேலிக்கு அப்பால் ஒதுங்கிக்கொண்டார்.

மறுபடி தூறல் பிடித்துக்கொண்டது. கனகம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு, தன் வீட்டுக் கொடியிலிருந்து எடுப்பதுபோல, எட்டி அந்தச் சட்டையை உருவி, உதறி, கைமேல் போட்டுக்கொண்டாள். புது வேட்டியும் அரை ஈரச் சட்டையும் நனையாமல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாளை நீக்கும் சத்தம் கேட்டது.