பந்தைத்தான் தொட்டேன்

கீத் ஆர்மரோட் எங்கள் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரன். நான் கோல்கீப்பர். நான்காம் டிவிஷனில் ஒன்பது சீசன், சனிக்கிழமைதோறும் அவன் முதுகைப் பார்த்தபடி நின்றிருக்கிறேன். பந்து உயரமாக வந்தால் முட்டுவான், தாழ்வாக வந்தால் உதைத்துக் கூட்டத்துக்குள் அனுப்புவான். இங்கிலாந்தின் லங்காஷயரில் எங்கள் சின்ன ஊர் அதற்கு மேல் அவனிடம் எதிர்பார்க்கவில்லை.

எண்பத்து நான்கு பிப்ரவரியில், மழையில் ஆடிய ஒரு ஆட்டம். எதிரணியின் டெரன்ஸ் விக்ஸ் பந்தைக் கொஞ்சம் நீளமாகத் தள்ளிவிட்டான். கீத் சறுக்கிப் போய்க் காலால் அதை எடுத்தான். நடுவர் விசில்கூட ஊதவில்லை. ஆனால் கூரை ஓட்டை மிதித்து உடைத்த மாதிரி ஒரு சத்தம், இருபது கெஜம் பின்னால் நின்ற எனக்கே கேட்டது. டெரன்ஸின் கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது.

அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மீதி இருபது நிமிஷமும் கீத் நன்றாகவே ஆடினான். பிறகு, எல்லோரும் சேர்ந்து குளிக்கும் தொட்டியில், மற்றவர்கள் எழுந்து போன பின்னும் உட்கார்ந்திருந்தான்.

"பந்தைத்தான் தொட்டேன்," என்றான்.

"நான்தான் பாத்தேனே. உம்மேல தப்பில்லடா."

"எனக்கு ஒண்ணுமே தோணல. அதான் என்னமோ மாதிரி இருக்கு."

புதன்கிழமை அவனோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டெரன்ஸின் மனைவி கட்டிலருகே கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"வாய்யா கசாப்புக்காரா!" டெரன்ஸ் சிரித்தான். "திராட்சையா? புதுக் கால் ஒண்ணு கொண்டாரக்கூடாதா?"

கீத் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்.

"அட விடு. நீ சுத்தமாத்தான் எடுத்த. நான்தான் லேட்டு."

"இனிமே இவரால ஆட முடியாதாம்," என்றாள் மனைவி, கம்பளி நூலைப் பார்த்தபடியே. "டாக்டர் காலைல சொல்லிட்டாரு."

டெரன்ஸின் சிரிப்பு போக இடமில்லாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. கீத் தலையாட்டிவிட்டுத் திராட்சையை மேசையில் வைத்தான். திரும்பும்போது மழை விட்டிருந்தது. காரின் வைப்பர் காய்ந்த கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே வந்தது. அவன் நிறுத்தவில்லை.

அடுத்த ஆட்டத்தில் ஒருவன் பந்தோடு நேராக அவனை நோக்கி வந்தான். "போடா கீத், போ!" என்று கத்தினேன். அப்படியே நின்றான். கோல். அந்த மாதம் மட்டும் மூன்று முறை இப்படி.

"யோவ் ஆர்மரோட், பஸ்ஸுக்கா நிக்கிற?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான்.

மேனேஜர் பிக்கர்ஸ்டாஃப் உடைமாற்றும் அறையில் பிடித்துக்கொண்டார். "என்னடா, பயமா?"

"பயமில்ல பாஸ். கால் போக மாட்டேங்குது."

"கால்கிட்ட கேட்டுப் பாத்தியா, ஏன்னு?"

எல்லோரும் சிரித்தோம். கீத்தும் சிரித்தான்.

ஈஸ்டருக்குள் அவனை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மே மாதம் மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்தவன், பஸ் போய்விட்டது என்று சொல்கிற குரலில், "முடிஞ்சுது," என்றான்.

இப்போது எங்கள் தெருவுக்கு அவன்தான் தபால்காரன். ஒரு சனிக்கிழமை காலை வாசலில் நிறுத்திக் கேட்டேன்: "மத்தியானம் மேட்ச் இருக்கு, வர்றியாடா?"

"இல்ல."

"ஒரு தடவகூடப் பாக்கணும்னு தோணலயா?"

கையிலிருந்த கடிதங்களைப் புரட்டினான்.

"தோணல. தோணினா நல்லாருக்கும்."

எனக்கு வந்த இரண்டைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக் கேட்டைத் திறந்தான்.